முருகனிடம் வாங்கிய வாய்தா

புவனேஸ்வரி அக்கா பிடித்து இழுத்த வேகத்தில் என் பின்னல் அவள் கையோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். மீஞ்சூரில் வண்டி நிற்பதற்கு முன்பே நான் காலை வெளியே வைத்துவிட்டேன். பிளாட்பாரம் வந்துவிட்டதாகத்தான் எனக்குத் தெரிந்தது, வரவில்லை. ஒரு செருப்பு கீழே போயிற்று. அது தண்டவாளத்துக் கல்லில் புரள்வதை யாருடைய செருப்போ என்பதுபோல நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமே வரவில்லை. பயத்தை எடுத்துவிடுவதுதான் அந்த மாத்திரையின் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பின்னாலிருந்து ஒரே இழுப்பு. பெட்டிக்குள் மல்லாந்து விழுந்தேன். மேலே குனிந்த முகங்கள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தன. திலகவதி அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கவரப்பேட்டை தாண்டும்போது அந்த மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தவள் அவள்தான்.

அவள் கெட்டவள் இல்லை. சொல்லப்போனால் எங்கள் பெட்டியிலேயே மனசு தாராளமானவள் அவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள். புவனேஸ்வரி அக்கா அத்திப்பட்டிலேயே ஏறி எங்கள் இரண்டு பேருக்கும் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். ஒரு கம்பெனி கேன்டீனில் அவள் சமையல். திலகவதி அக்கா பிளாஸ்டிக் மூடி செய்கிற இடத்தில் பிசிறு அறுப்பவள். மெஷினிலிருந்து விழுகிற மூடியின் ஓரத்தைப் பிளேடால் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பேக்கிங். வண்டிக்குள் எங்களுக்கு எல்லாமே பொது. ஒருத்தி குழம்பு கொண்டுவந்தால் நாலு டப்பாவுக்குப் போகும். மாத்திரையும் அப்படித்தான். எனக்குக் கேட்டது உனக்கும் கேட்கும் என்று அட்டையைக் கிள்ளி ஒன்று கொடுப்பார்கள், வாங்கியவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். தலைவலிக்கு, முதுகுவலிக்கு, மாதாமாதம் வருகிற வலிக்கு, வாயுவுக்கு, எல்லாவற்றுக்கும் திலகவதி அக்காவின் பூப்போட்ட பையில் மருந்து இருந்தது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே 'மெடிக்கல்'.

அந்தப் பையில் இருந்த தூக்க மாத்திரை மட்டும் அவளுக்கானது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் வருஷக் கணக்கில் நீண்டது. டாக்டர் சீட்டு மடிப்பில் கிழியத் தொடங்கியதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டாள். குடும்ப அட்டை மாதிரி அதைக் காட்டுவாள், மருந்துக் கடைக்காரனும் தலையைக்கூட நிமிர்த்தாமல் அட்டையை எடுத்து வைப்பான். முதலில் பாதி, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. பிறகு பகலில் படபடப்பாக வருகிறது என்று சாப்பாட்டுக்கு மேல் ஒன்று. சாவியைத் தொலைப்பாள், பேசிக்கொண்டிருந்த பேச்சை மறந்துவிட்டு எங்கே விட்டேன் என்பாள். வயசாகிறது என்று நாங்கள் கேலி செய்தோம். அன்று நானே வாய்விட்டுக் கேட்டதால்தான் கொடுத்தாள். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். எனக்கு நாலைந்து நாளாகக் கண் மூடவில்லை. "இப்பவே போட்டுக்கோ, ஊடு போய் சேர்றதுக்குள்ள புடிச்சிக்கும்," என்றாள். நம்பிப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சிறுவாபுரிக்குப் போனாள். மற்றவர்கள் எல்லாம் சொந்த வீடு வேண்டும் என்று கேட்டுப் போகிற முருகனிடம் இவள் போய், இனிமேல் அந்த மாத்திரையைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பையில் இருந்த அட்டைகளையும் லேமினேஷன் சீட்டையும் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். உண்டியலைத் திறந்து எண்ணுகிறவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

நாங்கள் கொண்டாடினோம். அதைச் சொல்லாமல் விட முடியாது. புவனேஸ்வரி அக்கா கேசரி கிளறிக்கொண்டு வந்தாள். "குடிகாரன் வுடறதுக்கே மாசக்கணக்கா இழுத்துக்கினு கீறான். இவ பாரு, ஒரே நாள்ல வுட்டுட்டா," என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். திலகவதி அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். நெற்றியில் திருநீறு. கேசரியை வாங்கிய விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். விரதம் இருந்த பட்டினி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் வேறு ஆளாகிப் போனாள். காலை வண்டியின் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்துகொண்டு ரவிக்கை நனைய வேர்த்தாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முக்காடு போட்டுக்கொண்டாள். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிறது என்று கையைச் சொறிந்து ரத்தம் வரவைத்தாள். கம்பெனியில் மூடியோடு சேர்த்து விரலையும் சீவிக்கொண்டாள். "இன்னாமோ பண்ணுதுடி நர்மதா," என்பாள் என்னிடம். புவனேஸ்வரி அக்காவிடம் அதற்கும் பதில் இருந்தது. "சாமி சோதிக்கிறாரு. இப்ப வுட்டுக் குடுத்துடாத." நாங்களும் தலையாட்டினோம். ஊக்கம் கொடுத்துக் கொடுத்தே அவளைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம்.

அனுப்பம்பட்டு தாண்டிய பிறகு அது நடந்தது. பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கண் மேலே போயிற்று. இருக்கையிலிருந்து சரிந்து, தரையில் கால் கை வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு என்று யாரோ கத்தினார்கள். உடனே பெட்டியிலிருந்த அத்தனை பெண்களும் இடுப்பிலிருந்தும் பையிலிருந்தும் சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணிக்கப் பார்த்தார்கள். எத்தனை வீட்டுச் சாவிகள். மூடிய விரல்களுக்குள் எதுவும் நுழையவில்லை. எல்லாம் அவளைச் சுற்றித் தரையில் விழுந்து கிடந்தன. நான் அவள் தலை இரும்பில் மோதாமல் என் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பொன்னேரியில் இறக்கி ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவைப் பாதி வழியில் ஆட்களோடு விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். மனநலப் பிரிவு டாக்டர் ஒரு சின்னப் பெண். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். புவனேஸ்வரி அக்கா முன்னால் வந்து பெருமையாகவே சொன்னாள்.

"இப்ப ஒண்ணும் சாப்புடறதில்ல டாக்டரு. தூக்க மாத்திர போட்டுக்கினு இருந்தா. சாமிக்கு வேண்டிக்கினு ஒரே நாள்ல வுட்டுட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"விட்டது நல்லதும்மா. ஒரே நாள்ல விட்டதுதான் உயிருக்கே ஆபத்து. இத்தனை வருஷமா உடம்பு இந்த மாத்திரை மேல சாய்ஞ்சு நின்னுட்டு இருக்கு. திடீர்னு எடுத்தா விழத்தான் செய்யும். மறுபடி குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும்."

புவனேஸ்வரி அக்காவின் முகம் செத்துப்போனது. அந்தக் கேசரியை அவள் அந்த நிமிஷம் நினைத்திருப்பாள். நான் நினைத்தேன்.

ஊசி போட்டுத் தூங்கவைத்து, மறுநாள் திலகவதி அக்கா கண் விழித்தாள். நர்ஸ் மாத்திரையைக் கொண்டுவந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். அவளுக்கு எல்லாம் புரிந்தது. போடாவிட்டால் மறுபடி வலிப்பு வரும், அடுத்த முறை எழுந்திருக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னது புரிந்தது. "முருகன் முன்னாடி நின்னு தொட மாட்டன்னு சொல்லிக்கீறேன். அத்த மீறி எப்டி வாயில போடுவேன்?" என்றாள். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். வாக்குக் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்குகிற ஜனம். "எங்க நைனா ஒரு தரம் சொன்னா சொன்னதுதான். நானும் அவரு பொண்ணுதான்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சேகர் அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார், பிறகு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, எப்படியாவது சம்மதிக்க வையுங்கள், நேரம் இல்லை என்றாள். அவள் முகத்திலும் பயம் தெரிந்தது.

எனக்கு என்ன தெரியும். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புவனாக்கா, உன் பையன் மொட்டைய திருத்தணியில எத்தினி வருஷமா பொறுத்துக்கினு கீறாரு முருகன்?"

பெட்டியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பையன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வேண்டிக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தடங்கல். மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, வந்து செலுத்துகிறேன் என்று தவணை கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது அந்தப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், தலையைத் தொட விடமாட்டான். புவனேஸ்வரி அக்கா என்னை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே வெளியே போனாள். மஞ்சள் கிழங்கோடு திரும்பி வந்து, குழாயடியில் இழைத்து, சேகர் அண்ணனின் வெள்ளைக் கைக்குட்டையைப் பறித்து ஒரு முனையை அதில் நனைத்தாள்.

"சத்தியத்த மீறச் சொல்லல. வாய்தா கேளு," என்றாள். "வுட்டுடறன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா உடம்பு தாங்கல, கொஞ்சம் தவண குடுன்னு கேளு. எனக்குக் குடுத்தவரு உனக்குக் குடுக்க மாட்டாரா?"

திலகவதி அக்கா மஞ்சள் சொட்டுகிற துணியையே பார்த்தாள்.

"நாளு சொல்லாம வாய்தா கேக்கறது தப்பாச்சே."

நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லா மாத்திரையும் நிற்க எத்தனை நாளாகும் என்று கேட்டோம். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொன்னோம். சிரித்துவிடுவாளோ என்று எனக்குக் கவலை. அவள் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்று யோசித்தாள்.

"தைப்பூசம்னு சொல்லிக்கிறேன்," என்றாள் திலகவதி அக்கா.

"தைப்பூசம் வேணாம்மா, ரொம்ப அவசரமாயிடும். இது ஆவணிதானே? பங்குனி உத்திரம்னு சொல்லுங்க. அதுக்குள்ளயும் முடியலன்னா ஆடிக் கிருத்திகை வரைக்கும் நீட்டிக் கேப்போம். நானே வந்து கேக்கறேன்."

திலகவதி அக்கா தன் கையாலேயே காசை வைத்து முடிந்தாள். மூன்று தடவை அவிழ்ந்தது, நடுக்கத்தில். நாங்கள் யாரும் உதவவில்லை. அது அவள்தான் முடிய வேண்டியது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு நர்ஸ் பக்கம் கையை நீட்டினாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாத்திரை அவளிடம் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னாள். அது என் பொறுப்பாயிற்று. சாயங்கால வண்டியில் அன்றன்றைக்கு உள்ளதைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். அவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது போட வேண்டும். ஒன்றிலிருந்து முக்காலுக்கு இறங்கியதும் வெட்டுகிற வேலை வந்தது. பிளேடால் வெட்டினால் ஒரு பக்கம் பெரிதாகும், மறுபக்கம் தூளாகும். காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எலி கடிச்சா மாரி கீது. எங்க கம்பெனில உன்ன ஒரு நாள்கூட வெச்சிக்க மாட்டாங்க," என்பாள். அவள் கேலி செய்கிற நாள் நல்ல நாள். கேலி இல்லாத நாட்கள் நிறைய இருந்தன. மாதம் ஒரு முறை திருவள்ளூருக்குப் போய் வருவோம். குறைத்தது தாங்கவில்லை என்றால் அந்த அளவிலேயே இன்னும் சில வாரம் நிறுத்தி வைப்பாள் டாக்டர். பெட்டியில் புவனேஸ்வரி அக்கா புதுச் சட்டம் போட்டாள். குழம்பு, பொரியல், ஊறுகாய் எது வேண்டுமானாலும் கை மாறலாம். மாத்திரை மாறக் கூடாது. யாராவது அட்டையை எடுத்தால் பொன்னேரி வரைக்கும் திட்டு வாங்குவார்கள்.

கார்த்திகை மாத அடைமழையில் ஒரு நாள் திலகவதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் சண்டை, கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு. "ஒண்ணே ஒண்ணு, முழுசா ஒண்ணு குடு. யாருக்கும் தெரியாது." நான் முடியாது என்றேன். "நீ இன்னா எனக்கு ஆத்தாளா? உன் மாமியாருக்கு மூத்திரப் பையி மாத்தறவ எனக்கு டாக்டரா?" என்றாள். பெட்டியில் எல்லோர் காதிலும் விழுந்தது. அது என் நெஞ்சில் குத்தியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாளிலிருந்து அவள் வேறு பெட்டியில் ஏறினாள். சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் நான் வண்டி நெடுகப் பிளாட்பாரத்தில் தேடிக்கொண்டே போய், ஜன்னல் கம்பி வழியாகக் காகிதத்தை நீட்டுவேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். அதிகம் கொடு என்று மட்டும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் பழையபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஒரு துண்டு மீன் வறுவலை என் இட்லி மேல் வைத்தாள். மன்னிப்பு எல்லாம் எங்களுக்குள் அவ்வளவுதான்.

இது மாசி மாதம். கால் மாத்திரைக்கு வந்திருக்கிறோம். உத்திரத்துக்கு முடியுமா, ஆடிக் கிருத்திகைக்குப் போகுமா என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்று காலை வண்டி மீஞ்சூரை விட்டதும் திலகவதி அக்கா பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். நேற்று நான் கொடுத்தது. பிரித்துப் பார்த்தேன். எலி கடித்த அந்தத் துண்டு அப்படியே இருந்தது.

"போடலியா? இன்னாக்கா நீ. டாக்டரு சொல்லாம நாமளா நிறுத்தக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது?" என்று கத்திவிட்டேன்.

"நிறுத்தலடி," என்றாள். சொல்லலாமா என்று தயங்குகிறவள்போல இருந்தாள். "மறந்துட்டேன்."

புவனேஸ்வரி அக்கா கீரை கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மாத்திரயவா?"

"பாத்திரம் வெளக்கிட்டு வந்து செத்த படுத்தேன். முழிச்சிப் பாத்தா பால்காரன் மணியடிக்கிறான்."

இதற்கு முன்னால் எங்களிடம் அவள் பொய்யும் சொல்லியிருக்கிறாள். அதனால் அவள் கையைப் பார்த்தேன். மடிமேல் கிடந்தது, அசையாமல். முகத்தைப் பார்த்தேன். கண்ணோரத்துப் பீளையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்திருக்கிறாள். "இப்டி மொறச்சிப் பாக்கறியே, இன்னா," என்று ஆரம்பித்தவளுக்குப் பேச்சை முடிக்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. பெரிய கொட்டாவி. கடைவாய்ப்பல் தெரிய, கண்ணில் நீர் வர, அவசரமே இல்லாமல் நீண்டுகொண்டே போன கொட்டாவி. மூடியதும் அவளே ஆச்சரியப்பட்டவள்போல உட்கார்ந்திருந்தாள். அடுத்து புவனேஸ்வரி அக்கா விட்டாள், கையில் கீரைக் கட்டோடு. எதிரில் இருந்த பூ கட்டுகிற பெண் விட்டாள். அவளுக்கு அடுத்தவள். கடைசியில் எனக்கும் வந்தது.

பொன்னேரி வருவதற்குள் திலகவதி அக்காவின் தலை என் தோளுக்குச் சாய்ந்துவிட்டது. கவரப்பேட்டையில் கூட்டம் ஏறி, இடித்து, சத்தம் போட்டபோதும் அவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, எச்சில் என் ரவிக்கையை நனைத்தது. கும்மிடிப்பூண்டி வந்து வண்டி நின்றது. அதற்கு மேல் அது போகாது. எல்லோரும் முட்டி மோதி இறங்கி, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படியேறி ஓடினார்கள். ஒரு நிமிஷம் தாமதமானாலும் எங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற புவனேஸ்வரி அக்கா எழுந்து நின்றாள். இவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர் ஜன்னலின் ஷட்டரை இறக்கி, இவள் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்தாள். பிறகு சத்தம் வராமல் எதிரில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கீரையைக் கிள்ளத் தொடங்கினாள்.